தண்டபாணி சார் ஏன் என் எண்ணைக் கொடுத்தார்?

அன்று காலை சாம்பிள் அறையில் ஒரு குழந்தைச் சட்டையின் கழுத்தளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ஓர் ஓடிபி வந்து விழுந்தது. நான் எந்தக் கணக்கையும் திறக்கவில்லை, எதையும் வாங்கவும் இல்லை. யாரோ எண்ணை மாற்றிப் போட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். சற்று நேரத்தில் அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு. இளம் பெண்ணின் குரல், அழுது அடைத்திருந்தது.

"கோமதி ஆன்ட்டிங்களா? நான் தண்டபாணியோட பொண்ணுங்க, கார்த்திகா. அப்பா தவறிட்டாருங்க. உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். அத மட்டும் சொல்றீங்களா?"

நான் பதில் சொல்லாமல் இணைப்பைத் துண்டித்தேன்.

இதைப் படிக்கும் பழைய அலுவலக நண்பர்கள் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைக்க மாட்டீர்கள். அந்த வாரம்தான் தண்டபாணி நம் வாட்ஸப் குழுவில் எழுதியிருந்தார். நீங்களும் படித்திருப்பீர்கள். "ஒரு சின்ன சங்கதிங்க. இப்பக் குரலையே காப்பி அடிச்சுப் பேசறானுங்களாம். பெத்த புள்ளையே அழுதுட்டுக் கூப்பிட்டாலும் போன வெச்சுப்போட்டு, வேற ஆளுகிட்டக் கேட்டு உறுதி பண்ணிக்குங்க." அவர் சொன்னதை அப்படியே செய்தேன். அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். அந்த எண்ணையே தடுத்துவிட்டேன். தண்டபாணி பெயரைச் சொல்லியே ஏமாற்றப் பார்க்கிறார்கள், அவரிடம் சொல்ல வேண்டும், கேட்டால் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன்.

அப்போது கைப்பேசித் திரையில் 'தண்டபாணி சார்' என்று வந்தது. நிம்மதியாக எடுத்தேன்.

"சார், நல்ல வேளைங்க. உங்க பேரச் சொல்லி யாரோ எங்கிட்ட ஓடிபி கேக்கறாங்க."

எதிர்முனையில் அதே பெண்ணின் குரல். "ஆன்ட்டி, அப்பாவோட சிம்ம வேற போன்ல போட்டுக் கூப்படறனுங்க. தயவு பண்ணி வெச்சராதீங்க."

அப்போதும் நான் நம்பவில்லை. போன் திருட்டுப் போயிருக்கலாம். அவள் போனைத் தாயிடம் கொடுத்தாள். "நான் பூங்கொடிங்க. கம்பெனி ஆயுத பூஜைக்கு ஒருக்கா வந்திருந்தனுங்க. நீங்கதான் பொரிப் பொட்டலம் குடுத்தீங்க" என்றார் அந்த அம்மா. அவர் வந்தது ஞாபகம் இருந்தது. குரல் அவருடையதா என்று எப்படிச் சொல்வது? திரும்பக் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு, நம் பழைய கணக்கர் ராஜேந்திரனை அழைத்தேன். அவர் இப்போது உடுமலையில் இருக்கிறார். நான் கேட்பதற்கு முன்பே அவர் பேசினார்.

"உங்களுக்கும் சொல்லிட்டாங்களாங்க மேடம்? நான் இப்ப அங்கதானுங்க போய்ட்டிருக்கேன். காலைல பஸ் ஸ்டாப்புல நின்னவரு அப்படியே உழுந்துட்டாருங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுதுங்க."

அங்கே கிடந்த துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்த ஓடிபி அதற்குள் காலாவதியாகியிருந்தது. கார்த்திகாவை அழைத்து, புதிதாக வந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படித்துக் காட்டினேன். அவர் இறந்துவிட்டார் என்ற துக்கமும், அவருடைய கணக்கின் ஓடிபி எனக்கு ஏன் வருகிறது என்ற கேள்வியும் ஒரே நேரத்தில் வந்தன. எது முன், எது பின் என்று எனக்கு இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். விழுந்தபோது அவருடைய போன் நொறுங்கிவிட்டது. கண்ணீர் அஞ்சலி பிளக்ஸுக்குப் படம் வேண்டும். ஆதார் அட்டையில் இருந்த முகத்தைப் போடப் பூங்கொடி சம்மதிக்கவில்லை. படங்கள் எல்லாம் அவருடைய இணையக் கணக்கில் இருந்தன. போனில் இடம் அடைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் அங்கே ஏற்றிவிட்டு அழித்துவிடுவது அவர் வழக்கம். நமக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார். கடவுச்சொல்லை மகளிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். ஆனால் அதைப் போட்டதும், இன்னொரு எண்ணுக்கு ஓடிபி போகும் என்று திரை சொன்னது. அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. அது மனைவியின் எண் இல்லை, மகளின் எண்ணும் இல்லை. சிம்மில் பதிந்திருந்த பெயர்களில் அப்படி முடியும் எண்களைத் தேடினார்கள். கேஸ் சிலிண்டர் போடுகிறவருடையது ஒன்று, டிராக்டர்க்காரருடையது ஒன்று. மூன்றாவது என்னுடையது.

அவரை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். தண்டபாணி எங்கள் ஆடை ஏற்றுமதிக் கம்பெனியில் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர். ஊர் மடத்துக்குளம். மனைவியும் மகளும் அங்கே கொஞ்சம் தென்னையும் இரண்டு மாடுகளுமாக இருந்தார்கள். இவர் திருப்பூரில் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை காலை திரும்புவார். பிரிண்டர் மக்கர் செய்தாலும் நெட் நின்றாலும் அவரைக் கூப்பிடுவோம். சம்பளம் அதற்குத்தான். யாரும் கேட்காமலே அவர் செய்த வேலை ஒன்று இருந்தது. "ஒரு சின்ன சங்கதிங்க" என்று தொடங்கிக் குழுவில் எழுதுவார். பெரிய கோப்பைச் சுருக்க ஒரு தளம். ஸ்பானிய மொழியில் வந்த மெயிலைத் தமிழில் படிக்க ஒரு வழி. அங்குலத்தைச் சென்டிமீட்டராக்கக் கால்குலேட்டர் தேட வேண்டாம், தேடும் பெட்டியிலேயே அடித்தால் போதும் என்று ஒரு குறிப்பு. படத்தில் பின்னணியை நீக்கி ஆளை மட்டும் வெட்டித் தரும் தளம். வேலையை விட்டு ஊரோடு போன பிறகும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

அவர் சொன்னதெல்லாம் எங்களுக்குப் புரிந்தது என்று சொல்ல முடியாது. ஒரு திங்கட்கிழமை, கோப்பைச் சுருக்கும் தளத்தைப் பற்றி உற்சாகமாக எழுதினார். வியாழக்கிழமை நான் ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையரின் டிசைன் கோப்பை அதில் ஏற்றப் போனபோது ஓடி வந்து நிறுத்தினார்.

"சார், திங்கக்கெழம நீங்கதானுங்க சொன்னீங்க?"

"ஆமாங்க, சொன்னேன். ஊட்டுக் கரண்ட் பில்லச் சுருக்கறதுக்குச் சொன்னேன். பையரோட டிசைன ஏத்தச் சொல்லலீங்க. காசு வாங்காமச் செய்யறவன் நம்ம ஃபைல வெச்சு என்ன பண்ணுவான்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப அத உபயோகிக்கலாமா, கூடாதாங்க?"

"உபயோகிக்கலாமுங்க. நம்பக் கூடாதுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு வெகுநேரம் விழித்தேன். பிறகு அவரே வந்து, நம் கணினியிலேயே சுருக்குவதற்கு இருந்த வழியைக் காட்டினார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "கேட்டாத்தானுங்க மண்டைல நிக்கும்" என்றார்.

மங்கலத்திலிருந்து வரும் கட்டிங் மாஸ்டர் மயில்சாமிக்கு அவர் பேசித் தட்டச்சுச் செய்யக் கற்றுக் கொடுத்தது உங்களுக்கு மறந்திருக்காது. மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் போன் தானே எழுதிவிடும். மாஸ்டருக்கு எழுத்துக் கூட்டி அடிக்கச் சிரமம் என்பதால் இது பெரிய வரமாகப் பட்டது. முதல் வாரமே விடுப்புக் கேட்டு மேனேஜருக்குச் செய்தி அனுப்பினார். "ஒடம்பு சரியில்லீங்க, ஊட்டுக்குப் போறேன்" என்று பேசியிருக்கிறார். போன் அதை "ஊட்டிக்குப் போறேன்" என்று எழுதிவிட்டது. சரக்குக் கப்பலேறும் ஷிப்மென்ட் நேரத்தில் உடம்பு சரியில்லாதவருக்கு ஊட்டியில் என்ன வேலை என்று மேனேஜர் குதித்தார். மாஸ்டர் தண்டபாணியிடம் வந்து சண்டை போட்டார். தண்டபாணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மிஷினுக்கு நம்ம பேச்சு தெரியாதுங்க மாஸ்டர். அது கத்துக்கற வரைக்கும் நாம வீடுன்னே சொல்லிப் போடலாம்" என்றார். மாஸ்டர் அப்படிச் சொல்லவே இல்லை. ஊட்டிக்குப் போவதாகவே கடைசி வரை செய்தி அனுப்பினார். மேனேஜரும் அதற்குப் பழகிக்கொண்டார்.

எனக்கும் தண்டபாணிக்கும் பெரிய நெருக்கம் என்று எதுவும் இல்லை. இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தோம். சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்வோம். அவர் வேலையை விட்ட பிறகு பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்வதோடு சரி. அப்படிப்பட்டவர், தன் வாழ்க்கையின் படங்களையெல்லாம் வைத்திருந்த கணக்குக்கு என் எண்ணை ஏன் கொடுத்தார்? மடத்துக்குளத்துக்குப் பஸ்ஸில் போகும்போது இதே நினைவுதான். அந்த அம்மாவை எப்படிப் பார்ப்பது? கணவரின் கணக்கைத் திறக்கும் எண் வேறொரு பெண்ணின் போனுக்குப் போகிறது என்றால் அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? போகாமல் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. போகாமல் இருந்தால் அது இன்னும் தவறாகப் படும் என்றும் தோன்றியது.

உடுமலை தாண்டும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. வேலையை விடுவதற்குச் சில மாதங்கள் முன்பு அவர் அலுவலகத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது என்று விளக்கினார். "நானே கேட்டாலும் சொல்லாதீங்க" என்றார். அன்று சாயங்காலம் என் மேசைக்கு வந்து நின்றார். "மேடம், உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். கொஞ்சம் சொல்றீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். நானும் வேலை மும்முரத்தில் வந்த எண்ணைப் படித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் ஒரு கணம் திகைத்து, பிறகு சிரித்து, "பாத்தீங்களா, இப்பத்தானுங்க சொல்லிக் குடுத்தேன்" என்றார். என்னைச் சோதித்துப் பார்த்து எல்லோர் முன்பும் அவமானப்படுத்திவிட்டார் என்று எனக்குக் கோபம். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அது சோதனை இல்லையோ? அன்றுதான் என் எண்ணைத் தன் கணக்கில் பதிந்தாரோ? மற்றவர்கள் சிரித்ததால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விளையாட்டாக மாற்றிவிட்டாரோ? எனக்குத் தெரியவில்லை. அந்தத் திகைப்பு உண்மையில் அவர் முகத்தில் இருந்ததா, நான் இப்போது சேர்த்துக்கொள்கிறேனா என்பதும் தெரியவில்லை.

வீட்டில் கூட்டமாக இருந்தது. அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஓரமாக நின்றேன். பூங்கொடி என் கையைப் பிடித்து, "வாங்க" என்றார். உள்ளறையில் கார்த்திகா மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். கணக்கு திறந்துவிட்டது. படங்கள் ஏராளம். மகள் பள்ளிக்கூடம் போவது, மாடு கன்று போட்டது, பூங்கொடி தண்ணீர் பாய்ச்சுவது, எங்கள் கணினிகளில் வந்த பிழைச் செய்திகள். எல்லாம் அவர் எடுத்தவை, அதனால் எதிலும் அவர் இல்லை. தேடித் தேடி ஒன்றே ஒன்று கிடைத்தது. வேலையை விட்ட அன்று அலுவலக வாசலில் எல்லோரும் சேர்ந்து நின்ற படம். அவருக்குப் பக்கத்தில் மஞ்சள் சேலையில் நான் நின்றிருந்தேன்.

பிளக்ஸ் கடையிலிருந்து மறுபடி மறுபடி கூப்பிட்டார்கள். கூட்டத்திலிருந்து அப்பாவை மட்டும் எப்படிப் பிரிப்பது என்று கார்த்திகா விழித்தாள். பின்னணியை நீக்கும் தளம் இருப்பதைச் சொன்னேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க ஆன்ட்டி?"

"உங்கப்பா சொன்னதுதான் கண்ணு. குழுவுல போட்டிருந்தாரு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்களுக்கு ஒண்ணுமே சொன்னதில்லீங்க. எக்செல் நானே வீடியோ பாத்துத்தான் கத்துக்கிட்டேன். கேட்டா, லீவு நாள்ல கம்ப்யூட்டர் எதுக்கு, வா தோட்டத்துக்குப் போலாம்னுவாரு."

குழுவில் அவர் எழுதிய எல்லாவற்றையும் மொத்தமாக ஒரே கோப்பாக எடுத்து அவளுக்கு அனுப்பினேன். அதற்கான வழியும் அவர் சொன்னதுதான். அவள் படித்துக்கொண்டே போனாள். "இவ்வளவா?" என்று ஒரு முறை கேட்டாள். அது சந்தோஷமா, கோபமா என்று அவள் முகத்திலிருந்து எனக்குப் பிடிபடவில்லை. அனுப்பியது சரிதானா என்ற சந்தேகம் இப்போதும் இருக்கிறது.

தளம் அவரை நன்றாகவே வெட்டி எடுத்துக் கொடுத்தது. தோளருகே மட்டும் ஒரு மஞ்சள் துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. சட்டையின் பகுதி என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது. பூங்கொடி வந்து குனிந்து பார்த்தார்.

"அது என்ன மஞ்சளா?"

"என் சேலைங்க" என்றேன்.

பூங்கொடி மகளிடம் திரும்பி, "அத எடுத்துப்போடு கண்ணு" என்றார். கார்த்திகா அழிக்கப் பார்த்தாள். மஞ்சளோடு தோளும் சேர்ந்து போயிற்று. மறுபடி செய்தாள், மறுபடியும் அப்படியே. கடையிலிருந்து போன் வந்தது. "சரி, இருக்கட்டும் உடு" என்றார் பூங்கொடி. மறுநாள் அந்தத் தெருமுனையில் நின்ற பிளக்ஸில் அந்த மஞ்சளும் இருந்தது. அலுப்பில் விட்டாரா, மனம் வந்து விட்டாரா என்று நான் எப்படிச் சொல்வேன்?

மறுநாள் காலை அடக்கம் முடிந்து நான் புறப்படும்போது அவர் வாசல் வரை வந்தார்.

"ஏனுங்க, உங்க நம்பர ஏன் குடுத்தாரு?"

"சத்தியமாத் தெரியலீங்க."

"சண்டைக்குக் கேக்கலீங்க. எனக்கு மெசேஜ் வந்தா அழிச்சுப் போடுவேன், அதனாலதான்னு பொண்ணு சொல்றா. ராஜேந்திரன் தம்பி என்னடான்னா, உங்க நம்பர் மாறவே மாறாது, அதுக்குத்தான்னு சொல்றாப்புடி. ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

பஸ்ஸில் நினைவுக்கு வந்ததை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் மெல்லத் தலையாட்டினார்.

"எங்கிட்டயும் அப்படித்தானுங்க. ஒருக்கா, திருப்பூருக்கே எல்லாரும் வந்தர்றீங்களா, ஊடு பாக்கட்டுமான்னு கேட்டாரு. மாட்ட யாரு பாப்பாங்கன்னேன். ஒடனே சிரிச்சுட்டு, சும்மா கேட்டேன்னுட்டாரு. நானும் சும்மான்னே நெனச்சுட்டேன். அப்பறம் அந்தப் பேச்சே எடுக்கல. அது நெசமாக் கேட்டதுதானோன்னு நேத்து ராத்திரி பூராவும் தோணுச்சுங்க. இனி யாருகிட்டக் கேக்கறது?"

இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். பிறகு பஸ் வந்துவிடும் என்று அவரே நினைவுபடுத்தினார்.

காரியம் முடிந்து சில நாள் கழித்துக் கார்த்திகாவை அழைத்தேன். கணக்கில் என் எண்ணை எடுத்துவிட்டு அவளுடையதைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். எப்படிச் செய்வது என்றும் சொல்ல ஆரம்பித்தேன். "தெரியுமுங்க ஆன்ட்டி. அப்பா குழுவுல எழுதியிருக்காரு" என்றாள். ஆனால் மாற்றவில்லையாம். "அம்மா அப்படியே இருக்கட்டும்னுட்டாங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். கேட்டுப் பார்த்ததாகவும் அம்மா சொல்லவில்லை என்றும் சொன்னாள். ஆக, கொடுத்தவர் காரணம் சொல்லவில்லை, எடுக்க வேண்டாம் என்றவரும் சொல்லவில்லை. நடுவில் என் எண் இருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று யோசித்துப் பார்த்தேன். தளங்களின் பெயர்கள் பாதி மறந்துவிட்டன. அவர் சொன்னவற்றில் சில இப்போது வேலையும் செய்வதில்லை. ஆனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கணினியில் ஏதாவது கோளாறு என்று யாராவது கத்தினால் அவர் உடனே எழுந்து வர மாட்டார். இருந்த இடத்திலிருந்தே "என்ன போட்டிருக்குதுங்க?" என்பார். யாருக்கும் சொல்லத் தெரியாது. திரையில் பிழைச் செய்திப் பெட்டி வந்ததுமே பயந்து மூடியிருப்போம். "மறுக்கா வந்தா மூடாதீங்க. வாய் விட்டு, கடைசி வரைக்கும் படிங்க. அப்பறமும் புரியலீன்னாக் கூப்பிடுங்க, வர்றேன்" என்பார்.

நான் இப்போது அப்படித்தான் படிக்கிறேன். போன வாரம் ஷிப்மென்ட் கோப்பு ஒன்று திறக்காமல், திரையில் நீளமாக ஏதோ வந்தது. மூடாமல் முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன். பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். "யாருகிட்டப் பேசறீங்க மேடம்?" என்று கேட்டாள்.

"யாருகிட்டயும் இல்லீங்க" என்றேன். பிறகு கடைசி வரியையும் படித்து முடித்தேன். புரியவில்லை.